தகரத்தில் இரண்டு தட்டு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பி நின்று வாப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கேட்டது அவரிடம், பதில் இருப்பது என்னிடம். "உம்மாவச் சுட விடாம நிப்பாட்டினது நீங்க. இப்ப நான் சுடுறதப் பார்க்க வரவும் விடமாட்டீங்க. பொம்புள எண்டா ஊட்டுக்குள்ளயே கிடக்கணுமா உங்களுக்கு?" என்றாய். வாப்பா எழும்பினார். கையைக் கழுவினார், மண்வெட்டியை எடுத்தார், வயலுக்குப் போனார். நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய், உம்மாவுக்காகச் சண்டை பிடித்துவிட்ட பிள்ளையின் முகத்தோடு. நான் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அன்றிலிருந்து நீயும் அவரும் கதைப்பதில்லை. ஒரே சுவருக்குள் இரண்டு பேர் ஒருவர் வாசலால் வர மற்றவர் பின்பக்கக் கோடியால் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நீ கொழும்பு பஸ் ஏறப் போகிறாய், குறி சுடுகிற தேசியக் குழுவுக்கான கடைசித் தெரிவுக்கு. அவரோடு கதைக்காமல் நீ பஸ் ஏறக்கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கையில் தந்துவிட்டு, பிறகு எல்லாரும் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். ஏனென்றால் அந்தக் கதையை நீ தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊர்தான் உனக்குச் சொன்னது. 'அவள் துவக்குச் சுடுறதில சம்பியன். கட்டினவன்தான் துவக்கப் பறிச்சுப் போட்டான்.' நிந்தவூரில் இருந்து இறக்காமம் வரைக்கும் இந்தக் கதை பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறது. ஊர் வாயில் இத்தனை வருடம் கிடந்த கதையை உன் காதுக்குள் மட்டும் திருத்தி என்ன பிரயோசனம்? பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று வாப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேணாம் என்பார். நான் ஓ.எல். எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் சுற்றி வளைக்க எனக்கு வராது. நேராகச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்று தெரியாது. கதிரையில் இருக்க முடியாது எனக்கு. காலை ஆட்டுவேன், பேனையைத் தட்டுவேன், ஜன்னலால் போகிற மாட்டை எண்ணுவேன். "உனக்குக் கீழ என்ன முள்ளா இருக்கு?" என்று ரீச்சர் ஒருநாள் கேட்டா. நான் எழும்பி, கதிரையைத் திருப்பிப் பார்த்து, "இல்ல ரீச்சர்" என்றேன். அடுத்த கிழமை நான் போகவில்லை. எங்கள் வாப்பா அப்போதே மௌத்தாகிவிட்டார். வீட்டில் உம்மாவும் நானும் என் காக்காவும். காக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர், உனக்கு மாமா. பெயர் சுபைர். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு விற்கப் போவார். நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றதும் உம்மா அழுதா. காக்கா மட்டும், "சரி விடுங்க உம்மா, இவள் இருந்து படிக்கிற சாதி இல்ல. நிண்டு செய்யிற வேல ஏதாவது கிடைக்கும்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அப்படியே நடந்தது.

கடற்கரைப் பள்ளிவாசலில் கந்தூரிக்குக் கொடி ஏற்றினால் மணலெல்லாம் கடை முளைக்கும், நீயும் பார்த்திருக்கிறாய். அதில் பலூன் சுடுகிற கடை ஒன்று வரும். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் கயிறு, ஒரு பழைய காற்றுத் துவக்கு. இளந்தாரிமார் வந்து சுட்டுச் சுட்டுத் தோற்றுப் போவார்கள். காக்காவும் தோற்றார். நான் பக்கத்தில் நின்று துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருடைய குண்டும் பலூனுக்கு வலப்பக்கம்தான் போகிறது. "எனக்குத் தாங்க" என்று வாங்கி, பலூனுக்கு இடப்பக்கம் இருந்த வெறும் பலகையைப் பார்த்துச் சுட்டேன். பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. அந்த வரிசையே முடிந்தது. கடைக்காரர் குனிந்து, "தங்கச்சி, ஆரு உங்களுக்குப் பழக்கின?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்ல. உங்கட துவக்கு கோணல். வலப்பக்கம் இழுக்குது" என்றேன். "அதச் சத்தமாச் சொல்லாதீங்க தாயே. இந்தாங்க, இந்த மஸ்கட்டத் தின்னுட்டு அடுத்த கடைக்குப் போங்க." காக்கா சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டார். தன் பிள்ளைகளோடு அங்கே நின்ற, ஊரெல்லாம் சேர் என்று கூப்பிடுகிற ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அது சமாதானக் காலம். சோதனைச் சாவடிகள் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தன. அந்த சேர் கல்முனையில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் குறி சுடுதல் பழக்க அனுமதி எடுத்திருந்தார். பெண் பிள்ளை ஒருத்தியும் வரவில்லை. காக்காவைக் கூப்பிட்டுக் கதைத்தார்.

அந்த மண்டபத்தில் முதல் நாள் எனக்கு நல்ல துவக்குத் தந்தார்கள். பாரம், குளிர்ச்சி, துப்புரவு. சுட்டேன். எல்லாக் குண்டும் குறி அட்டையின் இடப்பக்க ஓரத்தில் போய்க் குந்தியது. ஒரு கிழமை அப்படியே. சேர் நான் நிற்கிற விதத்தைத் திருத்தினார், தோளைத் திருத்தினார், ஒன்றும் சரிவரவில்லை. காக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "புள்ள, இது நேரான துவக்கு. நீ இன்னும் கந்தூரிக் கடையிலயே நிக்கிறாய். நேராப் பார்." அவ்வளவுதான். அடுத்த குண்டு நடுவில். நான் என்னை அறியாமலே கோணலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நேரான ஆள் முன்னால் நின்றாலும் நம் கண் சிலவேளை இடப்பக்கம் பார்த்துப் பழகியிருக்கும். வாப்பாவை நீ அப்படித்தான் பார்த்திருக்கிறாய். குற்றம் உன்னுடையதல்ல. உனக்குக் கிடைத்த கதை கோணல்.

துவக்கு கையில் வந்தால் நான் வேறு ஆள். பத்து நிமிசம் இருக்க முடியாதவள் ஒரு மணித்தியாலம் அசையாமல் நிற்பேன். உனக்கும் தெரியும் அந்த இடம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால், சத்தமெல்லாம் தூரப் போகும். நெஞ்சு அடிக்கிறது மட்டும் கேட்கும். இரண்டு அடிக்கு நடுவில் ஒரு சின்ன வெறுமை, அதற்குள் விரல். அந்த வெறுமைதான் எனக்கு வீடு மாதிரி இருந்தது. அதனால் எந்த நேரமும் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சேர் நம்பித் துவக்கை வீட்டுக்குத் தந்தார். எங்கள் வளவு கடற்கரைப் பக்கம், எல்லாம் மணல். குசினி வாசலில் நான். கோடி வேலியில் மண்மூட்டை அடுக்கி அதன் மேல் அட்டை. அட்டை மாற்றுவது காக்காவின் வேலை. முதல் நாளே காக்கா அங்கே நிற்கும்போது நான் துவக்கைத் தூக்கிவிட்டேன். உம்மா கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. அன்றைக்குக் காக்கா ஒரு சட்டம் வைத்தார். அவர் அட்டையை மாற்றிவிட்டு, விலகி, தென்னை மரத்துக்குப் பின்னால் போய், வேலித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் துவக்கைத் தொடலாம். கேட்காவிட்டால் கை கீழே. அல்லாஹ் மேல் சத்தியம் வாங்கினார்.

அவர் வேண்டுமென்றே சுணங்குவார். அட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், ஓட்டையை விரலால் தடவுவார், குசினிக்குள் இருக்கிற உம்மாவுக்குக் கேட்கிற மாதிரிக் கதைப்பார். "உம்மா, உங்கட மகள் மீன் கண்ணப் பார்த்துச் சுடுறாவாம். செதில்தான் கழருது." "காக்கா, விலகுங்க. நேரம் போகுது." "பொறுகா. சம்பியனுக்கு இவ்வளவு அவசரம் கூடாது." பிறகு மரத்துக்குப் பின்னால் போவார். டக், டக். என் நெஞ்சு அந்தத் தட்டுக்கே அமைதியாகப் பழகிவிட்டது. அது கேட்டால் தோள் இறங்கும், மூச்சு ஒழுங்காகும். யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை, உடம்பே பிடித்துக்கொண்டது.

கொழும்பில் போட்டிக்குப் போனாலும் காக்காதான் கூட வருவார். ஒரு தடவை துவக்குப் பெட்டியோடு சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். "மே மொகக்த?" என்று கேட்டான் ஆமிக்காரப் பெடியன், இது என்ன என்று. காக்காவுக்குச் சிங்களத்தில் மீன் பெயரும் விலையும்தான் தெரியும். துவக்குக்குச் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். சந்தோசமாக, சத்தமாக, "துவக்குவ" என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்ற எல்லாருடைய துவக்கும் எங்கள் பக்கம் திரும்பியது. அனுமதிக் கடதாசியை நீட்டினோம். பெரியவன் ஒருவன் வந்து படித்தான், என் பர்தாவைப் பார்த்தான், சிரித்தான். நம்பவில்லை. கையால் சைகை காட்டினான், எப்படிச் சுடுவாய் என்று. நான் றோட்டோரத்தில், கையில் ஒன்றுமில்லாமல், துவக்குப் பிடிக்கிற மாதிரி நின்றேன். இடது முழங்கை இடுப்பில், கன்னம் இல்லாத துவக்கின் மரப்பிடியில். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. அவன் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்ததை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவனே பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைத்தான். பஸ் வெளிக்கிட்ட பிறகு காக்கா என் காதில், "ரெண்டு தட்டாம எப்படிகா நிண்டாய்?" என்று கேட்டார். "மனசுக்குள்ள தட்டினன்" என்றேன். அது பொய். பயத்தில் நின்றேன்.

மண்டபப் போட்டியில் தகரம் ஏது? காக்கா பார்வையாளர் கதிரையில் எனக்கு நேர் பின்னால் இருப்பார். நான் துவக்கைத் தூக்குமுன் கதிரைக் கைப்பிடியில் இரண்டு தட்டு. மெல்ல, ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லாமல். சேருக்கு அது பிடிக்கவில்லை. "அந்தத் தட்டு ஒருநாள் இல்லாமப் போகும். அண்டைக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டார். நடுவர்மார் தடை செய்வார்கள் என்று சொல்கிறார் என நினைத்தோம். அந்த வருடம் தேசியப் போட்டியில் நான் வென்றேன். இந்தக் கரையில் இருந்து போன முதல் பெண் பிள்ளை. கோப்பை என் முழங்கை நீளம்கூட இல்லை, ஆனால் காக்கா அதை மீன் பெட்டிக்கு மேலே கட்டிக்கொண்டு மூன்று ஊருக்கு மீன் விற்றார். பள்ளிவாசலில் ஒருவர், "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குத் துவக்கு, எங்களச் சுடவா?" என்று கேட்டாராம். "மீன் நாறுது எண்டு சொல்றவங்கள மட்டும்தான் சுடுவா" என்று காக்கா சொன்னாராம். அடுத்த வருடம் வெளிநாட்டுப் போட்டிக்கு என்னை அனுப்பக் கதை நடந்தது. டிசம்பர் மாதம் கொழும்பில் பயிற்சி முகாம். காக்கா கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் இருந்தார். மீன் படுகிற காலம், ஊருக்குப் போய்விட்டு போட்டிக்கு முதல் வருகிறேன் என்றார். நான் அனுப்பவும் இல்லை, மறிக்கவும் இல்லை. பஸ் ஜன்னலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது.

அன்றைய நாளைப் பற்றி இங்கே இருக்கிற ஒருவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. உம்மாவைப் பள்ளிவாசல் மேல்மாடியில் ஏற்றியிருந்தார்கள், அவ தப்பினா. வீடு இல்லை, வேலி இல்லை, தென்னை மட்டும் வேர் தெரிய நின்றது. காக்கா இல்லை. மையித்து கிடைக்கவில்லை. அடக்க ஒரு கபுறு இல்லை. எங்கே போய் சலாம் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, தௌபா செய்துவிட்டு எழும்பியிருப்பேன், அது லேசு. குற்றமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சில மாதம் கழித்து சேர் வந்து கூப்பிட்டார். "நிண்டு பார், மகள். நிண்டா சரி வரும்" என்றார். போனேன். கொழும்பில் அதே மண்டபம். கோட்டில் நின்றேன். குண்டு வைத்தேன். தூக்குமுன் என் உடம்பு காத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சரி, சத்தம் இல்லாமல் சுடுவோம் என்று தூக்கிக் கண்ணை வைத்தேன். அட்டைக்கு முன்னால் காக்கா நின்றார். சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது, மீன் விற்கிற சட்டை. ஈரம் இல்லை, காயம் இல்லை, சும்மா நின்றார். அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டையை விரலால் தடவிக்கொண்டு, எங்கள் வளவில் சுணங்குகிற மாதிரியே சுணங்கிக்கொண்டு. துவக்கை இறக்கினேன். பார்த்தால் ஒருத்தரும் இல்லை. தூக்கினால் நிற்கிறார். மகன், நீ சுடுகிறவன், உனக்கு விளங்கும். குறிக்கு முன்னால் ஆள் நின்றால் சுடக்கூடாது. நான் சத்தியம் பண்ணியவள். விலகட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சுட்டு முடித்தார்கள். மணி அடித்தது. என் குண்டெல்லாம் டப்பாவுக்குள் அப்படியே கிடந்தது.

உம்மா என்னை ஒரு மௌலவியிடம் கூட்டிப் போனா. ஊர் ஜின் என்று கதைக்கத் தொடங்கியிருந்தது. நல்ல மனிசன் அவர். ஓதி, தண்ணீர் ஊதித் தந்தார். "மௌத்தானவங்க திரும்பி வாறதில்ல மகள்" என்றார். "தெரியும் ஹஸ்ரத். அவர் வரவில்ல. அங்க நிக்கிறார், விலகிறார் இல்ல, அவ்வளவுதான்" என்றேன். அவர் உம்மாவிடம், "புள்ளைக்கு ஒரு கலியாணத்தப் பாருங்க" என்றார்.

கலியாணம் என்றால் நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறவர். என்னிடம் வீடு இல்லை, கடல் கொண்டுபோன ஒரு துண்டு மணல் இருந்தது. அதற்கு மேல் ஜின் பிடித்தவள் என்ற பெயர். வந்த பேச்சுகள் வாசலோடு திரும்பின. அப்போதுதான் வரிப்பத்தான்சேனையில் இருந்து, தகப்பனோடு வயல் செய்கிற உன் வாப்பா வந்தார். அவருடைய ராத்தா, உன் மாமி, முகத்துக்கு நேரே, "ஊடு இல்லாத பொம்புளயக் கட்டி நீ எங்க போய் இருக்கப் போறாய்?" என்று கேட்டா. "அவ நம்மட ஊட்டுக்கு வரட்டும். ஆரு போனா என்ன, ஆரு வந்தா என்ன" என்றார். அதைச் சொன்னதற்காக அவர் எத்தனை வருடம் கலியாண வீடுகளில் கேலி கேட்டார் என்பது உனக்குத் தெரியாது. நான் கடலின் சத்தம் கேட்காத ஊருக்கு, உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்து சில கிழமையில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, பைத்தியம் என்றும் சொல்லவில்லை. கல்முனைக்குப் போய் சேரிடம் துவக்கை இரவல் கேட்டுக் கொண்டுவந்தார். கோடியில் மண்மூட்டை அடுக்கினார். இப்போது நீ சுடுகிற அதே இடம்தான். எங்கேயோ இருந்து ஒரு தகரம் கொண்டுவந்து வேலியில் கட்டினார். பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்று தட்டினார். டக், டக்.

நான் துவக்கைத் தூக்கினேன். காக்கா விலகவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார், யார் அது தட்டுகிறது என்பது போல. நான் துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வாப்பா மரத்துக்குப் பின்னால் இருந்து வந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கிழமை என்னைப் பார்க்க நாலைந்து பெண்கள் வந்தார்கள். "என்னகா, சம்பியன், இப்ப சுடுறல்லயா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். ஜின் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற பார்வை. நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். வாசலில் உரப்பை இறக்கிக்கொண்டிருந்த உன் வாப்பா, நிமிராமலே சொன்னார்: "நான்தான் வேணாமெண்டு சொன்ன. பொம்புளைக்குத் துவக்கென்ன?" அவர்கள் முகமெல்லாம் தெளிந்துவிட்டது. அது அவர்களுக்கு விளங்குகிற காரணம். அன்றோடு என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். யானைக்கு வெடி எறிந்து வயல் காக்கிற மனிசன், ஒரு பெண் பிள்ளையின் துவக்குக்குப் பயந்தவன் என்று சிரித்தார்கள். ஊர் அவர் முதுகில் ஏற்றின அந்த மூட்டையை அவர் ஒரு நாளும் இறக்கி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அதே மூட்டைக்கு மேல் ஏறி நின்றாய்.

நீ சுடத் தொடங்கியபோது நான் மறிக்கவில்லை. கல்முனைப் பள்ளிக்கூடத்தில் உன்னைப் பழக்குகிறவர்கள் "அந்த உம்மாட மகன்தானே" என்றார்களாம், நீ வந்து பெருமையாகச் சொன்னாய். பின்னேரங்களில் கோடியில் உன் குண்டுச் சத்தம் கேட்கும். நான் குசினிக்குள் ஏதாவது கழுவிக்கொண்டிருப்பேன். "உம்மா, வந்து அட்டையப் பாருங்க" என்பாய். "பொறு மகன், அடுப்பில இருக்கு" என்பேன். எத்தனை நாள் அடுப்பில் ஒன்றுமே இல்லை. நான் பயந்தது எனக்காக இல்லை. அந்தப் பக்கம் நான் பார்த்து, காக்கா அங்கே நிற்க, நீ சுட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வேன்? கொழும்புக்கு வரச் சொல்லிக் கேட்டாய், திரும்பவும் கேட்டாய். எல்லாத் தடவையும் மாட்டேன் என்றேன், காரணம் சொல்லவில்லை. வாப்பாதான் விடவில்லை என்று நீ முடிவுகட்டியது நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ மைதானத்துக்குப் போயிருந்தாய். நான் குசினிப் பின்வாசலால் இறங்கி, உன் மண்மூட்டை வரைக்கும் நடந்தேன். கால் வழுக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. மூட்டைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றேன். அங்கே இருந்து பார்த்தால் நீ நிற்கிற இடம் எவ்வளவு கிட்ட, தெரியுமா? வாழ்நாளில் நான் அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை. காக்கா ஒவ்வொரு நாளும் இதைத்தான் பார்த்திருக்கிறார். குசினி வாசலில் ஒரு அவசரக்காரி, கையில் துவக்கு, பொறுமை இல்லை. அவளை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு அட்டையைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். பகிடிக்குச் சுணங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் எனக்குக் காத்திருக்கப் பழக்கியிருக்கிறார். இத்தனை வருடம் நான் காத்திருந்துவிட்டேன் காக்கா, போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு பலாமரத்துக்குப் பின்னால் போனேன். அந்தப் பழைய தகரம் இன்னும் வேலியில் இருக்கிறது, கறள் பிடித்து. இரண்டு தட்டுத் தட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த உன் வாப்பா நிமிர்ந்தார். "ஆரு அது?"

"நான்தான்."

அவர் வேலியடிக்கு வந்தார். என்னைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். மண்வெட்டியை வேலியில் சாய்த்தார். பிறகு, ஏதோ நேற்று நடந்ததைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அண்டைக்கு நான் தட்டினது பிழையா?"

மகன், உன் வயசை விடக் கூடின காலம் அந்த மனிசன் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊர் சொன்னதெல்லாம் அவருக்குப் பாரமாக இருக்கவில்லை. தான் தட்டினது சரியில்லையோ என்பதுதான் பாரம். "சரியாத்தான் தட்டினீங்க" என்றேன். "அவருக்கு உங்கட தட்டுப் பழக்கமில்ல, அவ்வளவுதான்." அவர் தலையை ஆட்டினார். "ஓம். நான் கொஞ்சம் பலமாத் தட்டிட்டன் எண்டு நினைச்சன்." இரண்டு பேரும் சிரித்தோம். "கொழும்புக்குப் போவமா?" என்று கேட்டேன். "அவன் என்னோட கதைக்கிறான் இல்லயே புள்ள" என்றார்.

அதனால் இதைப் படித்து முடித்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே, அவருக்கு அது தாங்காது. அசறு தொழுதுவிட்டு அவர் வயலால் வருவார். சலாம் சொல். "வாப்பா, ஒருக்கா அட்டையப் பாருங்க" என்று கூப்பிடு. அது போதும். அவர் வந்து பார்ப்பார், ஒன்றும் விளங்காது, நல்லாயிருக்கு என்பார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் உன்னோடு வருவோம். போட்டியில் உனக்கு நேர் பின்னால் இருப்போம். இப்போது அட்டை மாற்ற ஆள் போவதில்லை, எல்லாம் திரையில் விழும் என்றாய். நல்லது. ஆனாலும் நீ துவக்கைத் தூக்குமுன் கதிரைக் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டுவோம். உனக்குக் கேட்காது, காதை அடைத்திருப்பாய். கேட்டாலும் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதே. சேர் என்னைப் பற்றிச் சொன்னது சரி. நீ தட்டில்லாமல் சுடப் பழகினவன், அப்படியே இரு. திரும்பிப் பார்க்கவும் வேணாம். தட்டினது வாப்பாவா நானா என்று உனக்குத் தெரியத் தேவையில்லை.

அந்தத் தட்டு உனக்கு இல்லை, மகன். குறிக்கு முன்னால், மீன் விற்கிற சட்டையோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்பார். மருமகன் சுடப் போகிறான், விலகுங்க காக்கா என்று அவருக்குச் சொல்கிற தட்டு. அவருக்கு அது விளங்கும். விலகி மரத்துக்குப் பின்னால் போவார். நீ சுடு.

உன்
உம்மா